கண்ணுக்குச் சாலை, கைக்குக் குமிழ்

இன்று நன்றாகக் கார் ஓட்டத் தெரிந்த ஒருவரை ஃபோர்டு மாடல் டி காரில் உட்காரவைத்தால், தெருமுனை வரைகூட அவரால் போக முடியாது. 1908 முதல் 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் தயாரான கார் அது. அதிலும் மூன்று பெடல்கள்தான். ஆனால் அவற்றின் வேலை வேறு. வலது ஓரத்தில் இருப்பது பிரேக். நடுவில் இருப்பதை மிதித்தால் வண்டி பின்னால் போகும். இடது பெடலை முழுக்க மிதித்தால் கீழ் கியர், பாதியில் பிடித்தால் நியூட்ரல், காலை எடுத்துவிட்டால் மேல் கியர். அதுவும் பக்கத்தில் நிற்கும் கை லீவரை முன்னால் தள்ளியிருந்தால்தான். ஆக்ஸிலரேட்டர் காலடியில் இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த சிறு லீவர்தான் அந்த வேலையைச் செய்தது. இடப்பக்கத்து லீவர் எஞ்சினுக்குள் தீப்பொறி விழும் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தியது. இன்றைய ஓட்டுநர் வேகமெடுக்க நினைத்து வலது பெடலை அழுத்தினால் வண்டி நிற்கும். அவசரத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது பெடலை ஆழ மிதித்தால், எஞ்சின் சக்கரத்திலிருந்து விடுபடுவதற்குப் பதிலாக வண்டி கீழ் கியரில் உறுமிக்கொண்டு முன்னே இழுக்கும்.

அந்தக் காலத்தில் மாடல் டி மட்டுமே இப்படி இருக்கவில்லை. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ஸ்டீயரிங் சக்கரமே கிடையாது. படகின் சுக்கானைப் போல ஒரு கைப்பிடியைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். 1894-இல் பாரிஸிலிருந்து ருவான் வரை நடந்த போட்டிக்கு ஆல்ஃபிரெட் வஷெரோன் தன் பன்ஹார் காரில் வட்டச் சக்கரம் பொருத்திக்கொண்டு வந்த பிறகுதான் அந்த வடிவம் மெல்ல மெல்ல நிலைபெற்றது. இடது காலுக்கு கிளட்ச், நடுவில் பிரேக், வலது காலுக்கு ஆக்ஸிலரேட்டர், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே கியர் லீவர் என்று நமக்குப் பழகிப்போன ஏற்பாடு 1916-ஆம் ஆண்டின் கேடிலாக் டைப் 53 காரில் ஒன்றுசேர்ந்து வந்தது. 1922-இல் வெளிவந்த ஆஸ்டின் 7 என்ற சின்ன, மலிவான கார் அதைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோனது. எந்த அரசும் சட்டம் போட்டு இதைத் திணிக்கவில்லை. ஒரு காரில் பழகிய கால் இன்னொரு காரிலும் தடுமாறாமல் இருக்க வேண்டும் என்ற தேவைதான் தயாரிப்பாளர்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

கார் வரலாற்றை எழுதுகிறவர்கள் எஞ்சினுக்கும் டயருக்கும் கொடுக்கும் இடத்தை இந்த ஏற்பாட்டுக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தாக வேண்டும் என்பது என் கருத்து. காரணம், ஓடும் காரில் மிக அரிதான பொருள் பெட்ரோல் இல்லை, ஓட்டுநரின் பார்வை. அது ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். எனவே ஓட்டுநருக்காகச் செய்யப்படும் எந்தக் கருவியையும் முதலில் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்: கண்ணைச் சாலையிலிருந்து இது எவ்வளவு நேரம் பிடுங்கிக்கொள்கிறது? இந்தக் கேள்விக்கு நூறாண்டுக் காலம் கார்கள் ஏறக்குறைய நல்ல பதிலையே சொல்லிவந்தன. தொடுதிரை டாஷ்போர்டை ஆக்கிரமித்த இந்தப் பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பதில் மோசமாகிவிட்டது. திரை வேண்டாம் என்பது என் வாதமல்ல. வண்டி ஓடும்போது தேவைப்படும் செயல்கள் கைக்குத் தட்டுப்படும் பொருள்களிடமே இருக்க வேண்டும், நின்றிருக்கும்போது செய்யக்கூடியவை திரைக்குப் போகலாம் என்பதே வாதம்.

கண் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நம் கண் எதிரே விரிந்திருக்கும் காட்சி முழுவதையும் கூர்மையாகப் பார்ப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் விழித்திரையின் நடுவே உள்ள சிறு குழி ஒன்றுதான் எழுத்தைப் படிக்குமளவுக்குக் கூர்மையாகப் பார்க்கும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் பரப்பு எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் எல்லை. மற்ற இடமெல்லாம் மங்கல். அசைவைக் கண்டுபிடிக்கத்தான் அது பெரிதும் உதவும். அந்தச் சிறு பரப்பைக் கண் இங்கும் அங்கும் தாவவிட்டுத் தாவவிட்டுத்தான் மூளை முழுக் காட்சியையும் கட்டிக்கொள்கிறது. சாலையிலிருந்து டாஷ்போர்டுக்குப் பார்வை இறங்கும்போது, விழி திரும்பினால் மட்டும் போதாது. தூரத்துக்குக் குவிந்திருந்த விழிலென்ஸ் பக்கத்துக்குக் குவிய வேண்டும், திரும்பும்போது மறுபடியும் தூரத்துக்கு மாற வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் இந்தக் குவிப்பு கடினமாகிறது என்பது மூக்குக்கண்ணாடி போடும் எல்லோருக்கும் தெரியும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குள் வண்டி கிட்டத்தட்ட 28 மீட்டர் போய்விடுகிறது. இரண்டு வினாடிப் பார்வைக்கு விலை சுமார் 56 மீட்டர்.

கையின் கணக்கு வேறு. இருட்டிலும் நம் விரலால் நம் மூக்கைத் தொட முடிகிறது. தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்வு நரம்புகள், கை எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்ற செய்தியை ஓயாமல் மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதால் அது சாத்தியமாகிறது. விரல்நுனித் தோலிலோ அழுத்தத்துக்கும் விளிம்புக்கும் ஒரு வகை, அதிர்வுக்கு ஒரு வகை என்று தனித்தனி உணர்விகள் இருக்கின்றன. ஏசியின் வெப்பத்தைக் கூட்டும் பழைய குமிழ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கை உத்தேசமாக அந்தப் பக்கம் நீளுகிறது. வரிவரியான விளிம்பு தட்டுப்பட்டதும் இதுதான் என்று தெரிகிறது. திருப்பும்போது ‘டிக்’, ‘டிக்’ என்று ஒவ்வொரு படியும் விரலில் விழுகிறது. கடைசியில் முட்டி நிற்கிறது, அதற்கு மேல் இல்லை என்பதும் தெரிந்துவிடுகிறது. தேடுவது, கண்டுபிடிப்பது, செய்வது, செய்து முடித்ததை உறுதிசெய்வது என நான்கு வேலையும் கண்ணின் தயவில்லாமல் நடந்து முடிகின்றன. நாதஸ்வரக் கலைஞர் துளையைப் பார்த்துக்கொண்டா விரல் வைக்கிறார்? வழவழப்பான கண்ணாடியில் இந்த நான்கில் ஒன்றுகூட விரலுக்குக் கிடைப்பதில்லை. பொத்தான் எங்கே என்று கண் பார்க்க வேண்டும், குலுங்கும் வண்டியில் விரல் அதன்மேல்தான் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், அழுந்தியதா என்று பார்க்க வேண்டும்.

இது கார்க்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய உண்மையும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் விசித்திரமான விபத்து ஒன்று திரும்பத் திரும்ப நடந்தது. பத்திரமாகத் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தில், இறக்கையின் மடிப்பை உயர்த்த வேண்டிய விமானி, சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுவார். விமானம் வயிற்றால் தரையில் உரசிச் சிதையும். விமானியின் கவனக்குறைவு என்றே எழுதி முடித்தார்கள். ஆல்ஃபோன்ஸ் சாப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் 1943 வாக்கில் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு வேலைக்கும் உரிய சுவிட்சுகள் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. சக்கரத்துக்கான கைப்பிடியில் ரப்பர் சக்கரம் ஒன்றையும், இறக்கை மடிப்புக்கானதில் ஆப்பு வடிவத்துண்டு ஒன்றையும் ஒட்டினார். தொட்டவுடன் எது எதுவென்று கைக்குத் தெரிந்தது. அந்தத் தவறு நின்றுபோனது. இன்றும் பயணிகள் விமானத்தில் சக்கர லீவரின் நுனி சக்கர வடிவில்தான் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. போருக்குப் பிறகு, 1947-இல், பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் விமானிகளின் பிழை என்று முத்திரை குத்தப்பட்ட 460 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து, அவற்றில் பெரும்பகுதிக்குக் கருவிகளின் அமைப்பே வழிவகுத்ததைக் காட்டினார்கள். பழியை மனிதனிடமிருந்து வடிவமைப்பின்மேல் மாற்றிய அந்த வேலை எனக்கு இந்தத் துறையின் மிக உயர்ந்த சாதனையாகத் தோன்றுகிறது.

கார்கள் அந்தப் பாடத்தைத் தாமதமாகக் கற்றுக்கொண்டன. 1950-களின் அமெரிக்க ஆட்டோமேட்டிக் கார்கள் சிலவற்றில் கியர் வரிசை பார்க், நியூட்ரல், டிரைவ், லோ, ரிவர்ஸ் என்று இருந்தது. முன்னால் போகும் லோ கியருக்கு அடுத்த படியே பின்னால் போகும் ரிவர்ஸ். லீவரை ஒரு படி கூடுதலாக இழுத்துவிட்டால் வண்டி எதிர்த்திசையில் பாயும். வேறு நிறுவனங்களின் வரிசை வேறு. 1965-இல் ரால்ஃப் நேடர் எழுதிய ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ புத்தகம் இந்தக் குளறுபடியைப் பொதுமக்கள் முன்னால் வைத்தது. 1968-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பாதுகாப்பு விதி, முன்செல்லும் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவே நியூட்ரல் இருந்தே தீர வேண்டும் என்றது. இன்றைய பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் வரிசைக்குப் பின்னால் அப்படி அடிபட்டவர்களின் கதை இருக்கிறது. ஒருமைப்பாடு முழுமையடையவும் இல்லை. நம் ஊரில் மாருதி, ஹூண்டாய் கார்களில் இண்டிகேட்டர் லீவர் ஸ்டீயரிங்கின் வலப்பக்கம். ஃபோக்ஸ்வாகனிலும் ஸ்கோடாவிலும் இடப்பக்கம். வண்டி மாற்றியவர் திருப்பத்தில் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரை ஓடவிடுவது, கை எவ்வளவு ஆழமாகப் பாடம் படித்திருக்கிறது என்பதற்கான சான்று. அவர் யோசித்துச் செய்வதில்லை. யோசிக்காமல் செய்ய முடிவதால்தான் யோசனையைச் சாலைக்குக் கொடுக்க முடிகிறது.

பார்த்தே தீர வேண்டிய கருவிகளும் உண்டு. வேகமானி அதில் தலையாயது. பெர்லினில் ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற வேகமானி, முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் ஏறக்குறைய மாறாமல் கார்களில் இருந்தது. கியர்பெட்டியிலிருந்து வரும் முறுக்குக் கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைச் சுற்றித் தொடாமல் நிற்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, கிண்ணத்தைக் காந்தம் சுழலும் திசையில் இழுக்கும். மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். வேகம் கூடக்கூட இழுப்பு கூடும், கிண்ணத்தோடு ஒட்டிய முள் சாயும். அந்த முள் தரும் செய்தியை எண்ணாகப் படிக்கத் தேவையில்லை. சாய்வைப் பார்த்தாலே போதும். பழகிய சாலையில் முள் வழக்கமான கோணத்தில் நிற்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள அரை நொடிப் பார்வை தாராளம். நல்ல காட்சிக்கருவியும் குமிழின் குணத்தையே கொண்டிருக்கிறது. படிக்க வைக்காமல் தெரிவிக்கிறது.

அப்படியிருக்க, குமிழ்கள் ஏன் போயின? இதற்கு அழகுணர்ச்சியை மட்டும் குறை சொல்வது சரியாகாது. பழைய காரில் ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் அது இயக்கும் பொருளுக்கு நேராக ஒரு கம்பி போனது. வசதிகள் பெருகப் பெருகக் கம்பிக் கட்டு கனத்தது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ என்ற இணைப்பு முறை, இரண்டே கம்பிகளில் காரின் கணினிகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழிசெய்தது. அதோடு பொத்தானின் தன்மையே மாறியது. அது இனி மின்சாரத்தைத் திறந்துவிடும் மதகாக இல்லாமல், கணினிக்குப் போகும் வேண்டுகோளாக ஆனது. வேண்டுகோளை உண்மையான பொத்தானிலிருந்தும் அனுப்பலாம், திரையில் வரைந்த படத்திலிருந்தும் அனுப்பலாம். பொத்தான் என்றால் ஒவ்வொன்றுக்கும் அச்சு வேண்டும், ஒவ்வொரு நாட்டு மாதிரிக்கும் வேறு வேறு செய்ய வேண்டும், வடிவமைப்பைப் பல ஆண்டுகள் முன்பே முடிவுசெய்ய வேண்டும். படத்தை மென்பொருளில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கணக்குப் பார்க்கும் நிறுவனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் 2018 மே முதல் எல்லாப் புதிய கார்களிலும் பின்பக்கக் கேமரா கட்டாயமானது. குழந்தைகள் பின்னால் நின்று அடிபடுவதைத் தடுக்க வந்த நல்ல விதி அது. ஆனால் கேமரா என்றால் திரை வந்தே தீரும். எப்படியும் வாங்கிவிட்ட திரைக்கு மற்ற வேலைகளையும் கொடுப்போம் என்பது அடுத்த படி.

இந்த வழி எங்கே போய் முடியும் என்பதற்கு ஆரம்பத்திலேயே ஒரு முன்னோட்டம் கிடைத்தது. 1986-ஆம் ஆண்டின் பியூக் ரிவியேரா காரில் 9 அங்குலப் படக்குழாய்த் தொடுதிரை இருந்தது. ரேடியோ, ஏசி, பயணக் கணக்கு எல்லாம் அதற்குள். வாங்கியவர்கள் சின்ன விஷயத்துக்கும் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று குறைபட்டார்கள். சில ஆண்டுகளில் நிறுவனம் பொத்தான்களுக்குத் திரும்பியது. 2001-இல் பிஎம்டபிள்யூ தன் 7 சீரிஸ் காரில் திரையையும் அதை நகர்த்த ஒரே ஒரு பெரிய குமிழையும் வைத்தது. அதுவும் வசையோடுதான் வரவேற்கப்பட்டது. 2012-இல் டெஸ்லா மாடல் எஸ் காரின் 17 அங்குலத் திரை வந்தபோது உலகம் மாறியிருந்தது. எல்லோர் பையிலும் தொடுதிரை போன் இருந்தது. பெரிய திரை இருப்பதே நவீனம், குமிழ் இருப்பது பழசு என்ற எண்ணம் விற்பனைக் கூடங்களில் வேரூன்றியது. பையிலுள்ள போனுக்கும் ஓடும் காருக்கும் உள்ள வேறுபாடு அங்கே மறந்துபோனது. போனைப் பார்க்கும்போது நாம் வேறு எதையும் ஓட்டிக்கொண்டிருப்பதில்லை, இருக்கவும் கூடாது.

அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? ஸ்வீடனின் ‘வீ பிலேகரே’ இதழ் 2022-இல் பழைய விமான ஓடுதளம் ஒன்றில் பதினோரு புதிய கார்களையும், 2005-ஆம் ஆண்டின் வால்வோ வி70 ஒன்றையும் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவிட்டது. இருக்கையைச் சூடாக்கி வெப்பத்தைக் கூட்டுவது, குறிப்பிட்ட ரேடியோ நிலையத்தைப் பிடிப்பது போன்ற நான்கு வேலைகள். பொத்தான்கள் நிறைந்த பழைய வால்வோவில் நான்கும் 10 வினாடியில் முடிந்தன. அதற்குள் கார் போன தூரம் 306 மீட்டர். கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் அதே வேலைகளுக்குள் கார் 1,372 மீட்டர் ஓடிவிட்டது. ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல். இந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் படும் இன்னொரு முடிவும் உண்டு: தொடுதிரை கொண்ட வால்வோ சி40 அதே வேலைகளை 14 வினாடிக்குள் முடித்தது. திரைகளுக்குள்ளும் நல்லதும் கெட்டதும் இருக்கின்றன, எல்லாத் திரையும் ஒன்றில்லை. ஆனால் பதினேழு ஆண்டுப் பழைய பொத்தான் வரிசையைப் புதிய கார் ஒன்றும் முந்தவில்லை.

நேரம் போனால் போகட்டும், அதனால் விபத்து நடக்கிறதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் வெர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் நூறு கார்களில் கேமராக்களைப் பொருத்தி, அவை அன்றாடம் ஓடுவதை ஓராண்டுக்கும் மேல் பதிவுசெய்தார்கள். சாலையிலிருந்து இரண்டு வினாடிக்கு மேல் பார்வை விலகும்போது விபத்தோ நூலிழையில் தப்புவதோ நேரும் வாய்ப்பு குறைந்தது இரண்டு மடங்காகிறது என்பது 2006-இல் வந்த அவர்களுடைய முடிவு. 2013-இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு பார்வை 2 வினாடிக்குள், ஒரு வேலை மொத்தம் 12 வினாடிப் பார்வைக்குள் முடிய வேண்டும் என்றது. அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் டிஆர்எல் 2020-இல் செய்த சோதனையில், ஆப்பிள் கார்பிளேயைத் தொட்டு இயக்கும்போது ஓட்டுநரின் எதிர்வினை நேரம் 57 சதவீதமும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதமும் நீண்டது. சட்டம் அனுமதிக்கும் எல்லை வரை மது அருந்தியவர்களுக்கு அது 12 சதவீதம்தான். அதே 2020-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கொட்டும் மழையில், டெஸ்லாவின் தொடுதிரையில் வைப்பர் வேகத்தை மாற்றிக்கொண்டிருந்தவர் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதினார். 200 யூரோ அபராதமும் ஒரு மாத ஓட்டும் தடையும் உறுதியாயின. வைப்பரை இயக்குவது ஓட்டுவதன் ஒரு பகுதிதானே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் மழை பெய்யும்போது வைப்பரைத் திரைக்குள் தேட வேண்டிய காரைச் செய்தவர்கள் அந்தக் கூண்டில் நிற்கவில்லை. சாப்பானிஸுக்கு முந்தைய காலத்துக்கு நாம் திரும்பிப் போய்விட்டோமோ என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தொட்டால் தெரியாத கருவி திரையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் சில கார்களிலும் ஜீப்களிலும் வைத்த மின்னணுக் கியர் லீவர், எந்தக் கியருக்குத் தள்ளினாலும் கையை எடுத்ததும் நடுவுக்கே திரும்பிவிடும். பழைய லீவர் பார்க்கில் இருந்தால் பார்க்கிலேயே நிற்கும். கை பட்டாலே தெரியும். இதில் சின்ன விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்கில் போட்டதாக நம்பி இறங்கியவர்களின் வண்டிகள் உருண்டன. 2016 ஏப்ரலில் உலகெங்கும் சுமார் 11 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கடலிலும் இதே பாடம். 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் எண்ணெய்க் கப்பல் ஒன்றோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானின் கட்டுப்பாடும் எஞ்சின் வேகமும் தொடுதிரைகளில் இருந்தன. எது யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதில் குழப்பம், இரண்டு உந்துவிசிறிகளில் ஒன்று மட்டும் வேகம் குறைந்தது. விசாரணைக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை தன் போர்க்கப்பல்களில் கையால் தள்ளும் லீவர்களைத் திரும்பக் கொண்டுவர முடிவுசெய்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் முதலாவது, பழக்கம். ரேடியோ வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டது என்பார்கள். மோட்டரோலாவின் கார் ரேடியோ 1930-இல் வந்தபோது எதிர்ப்பு எழுந்தது உண்மை. ஆனால் ரேடியோவில் இரண்டு குமிழ்கள் இருந்தன. பிறகு பிடித்த நிலையத்துக்கு ஒரே அழுத்தில் போகும் பொத்தான் வரிசையும் வந்தது. கை அவற்றைக் கற்றுக்கொள்ள முடிந்தது. திரையில் கற்றுக்கொள்ள இடமே நிலையாக இல்லை. பட்டியலுக்குள் பட்டியல், அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் இடம் மாறிய படம். ஸ்வீடன் சோதனையிலும் ஓட்டுநர்கள் காரோடு பழகிக்கொள்ள முன்பே நேரம் கொடுக்கப்பட்டிருந்தது. இளைஞர்களுக்குச் சுலபம் என்பதும் எடுபடாது. விரல் வேகமாக இருக்கலாம், ஆனால் இளம் கண்ணும் ஒரு நேரத்தில் ஓரிடத்தைத்தான் பார்க்கும்.

இரண்டாவது வாதம் வலுவானது: பொத்தான்களும் எல்லை மீறிப் பெருகியிருந்தன. 2000-களின் விலை உயர்ந்த கார்களில் கியர் லீவரைச் சுற்றி ஒரே மாதிரியான சிறு பொத்தான்கள் டஜன் கணக்கில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தொட்டு வேறுபடுத்த முடியாது. பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த நெரிசலுக்குத் திரையைவிட நல்ல மருந்து இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். வழிகாட்டும் வரைபடத்தைக் குமிழால் காட்ட முடியாது. கடிகாரத்தை மாற்றுவது, போனைப் புளூடூத்தில் இணைப்பது, மொழியைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் திரையில் இருப்பதே நல்லது. தமிழில் பட்டியல் வர முடிவதும் திரையால்தான். ஆனால் இவை எதுவும் ஓடும்போது செய்ய வேண்டியவை இல்லை. ஓடும்போது உண்மையில் தேவைப்படுபவற்றை எண்ணிப் பார்த்தால் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கும்: இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், விளக்கு, ஹசார்டு விளக்கு, கண்ணாடிப் பனியை நீக்கும் டீஃபாகர், வெப்பம், காற்றின் வேகம், ஒலி அளவு. இவற்றுக்குத் தனித்தனி வடிவில் குமிழும் லீவரும் கொடுத்தால் நெரிசலும் இல்லை, திரைக்கும் இடம் இருக்கிறது.

பேச்சால் இயக்கலாமே என்பது மூன்றாவது. கண்ணை அது சாலையில் விட்டுவைக்கிறது என்பது சரி. மனத்தை விட்டுவைக்கிறதா? யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரின் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மோசமான குரல்வழி முறைகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் 27 வினாடிகள் வரை ஓட்டுநரின் கவனம் முழுதாகத் திரும்பவில்லை. டிஆர்எல் சோதனையிலும் குரலால் இயக்கியபோது எதிர்வினை 30 சதவீதமோ அதற்கு மேலோ தாமதமானது. தொடுவதைவிட மேல், குமிழுக்குப் போட்டி இல்லை. தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய முகவரியைச் சொல்லக் குரல் நல்ல வழி. திடீரென்று எதிர் லாரி வாரியடித்த சேற்றைத் துடைக்கக் கணினியிடம் வாக்கியம் பேசிக்கொண்டிருக்க முடியாது. கார் தானே ஓடும் காலம் வருகிறது, அப்போது இந்தக் கவலையே தேவையில்லை என்பது நான்காவது. முழுதாகத் தானே ஓடும் காரில் தேவையில்லைதான். இன்று விற்பவை பாதி தானாக, பாதி மனிதரால் ஓடுபவை. எந்த நொடியிலும் ஓட்டுநர் திரும்ப ஏற்க வேண்டும். இப்போது ஓட்டுவது யார் என்பது அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். நடுவுக்குத் திரும்பிவிடும் லீவரும் மெக்கெய்ன் கப்பலும் கற்பித்தது அதைத்தான்.

சந்தை திரும்பத் தொடங்கியிருப்பதற்கு அடையாளங்கள் தெரிகின்றன. ஐடி.3 காரில் ஒலி அளவுக்கும் வெப்பத்துக்கும் தடவும் பட்டைகளை, அதுவும் இரவில் ஒளிராதவற்றை, வைத்த ஃபோக்ஸ்வாகன், ஸ்டீயரிங்கில் உண்மையான பொத்தான்களைத் திரும்பக் கொண்டுவருவதாக 2022-இல் அறிவித்தது. ஒலி அளவு, வெப்பம், காற்று, ஹசார்டு விளக்கு இவற்றுக்கு இனி எல்லாக் கார்களிலும் பொத்தான் இருக்கும் என்று 2025-இல் அதன் வடிவமைப்புத் தலைவர் சொன்னார். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல், இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர உதவி அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிக் கட்டுப்பாடு இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று வைத்திருக்கிறது. நல்ல தொடக்கம், ஆனால் பட்டியல் குட்டையானது. டீஃபாகர் அதில் இல்லை. மழையில் முன்கண்ணாடி உள்பக்கமாக வியர்த்துப்போகும்போது, எதிரே எதுவும் தெரியாத அந்தச் சில வினாடிகளில், ஓட்டுநரைத் திரையின் பட்டியலுக்குள் தேடச் சொல்வது அநியாயம். இந்தியாவின் பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியபோது பெரியவர்களின் பாதுகாப்பு, குழந்தைகளின் பாதுகாப்பு, பாதுகாப்புக்கு உதவும் கருவிகள் என்ற மூன்றை வைத்துத்தான் நட்சத்திரம் கொடுத்தது. மோதிய பிறகு காப்பாற்றும் இரும்புக்கும் காற்றுப்பைக்கும் மதிப்பெண் தருகிற நாம், மோதாமல் இருக்க உதவும் குமிழுக்கும் நான்கைந்து மதிப்பெண் ஒதுக்கலாம். அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாது. ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் செய்யும் கார்கள் பலவற்றில் ஏசிக்கு இன்னும் பொத்தானும் குமிழும் இருக்கின்றன. அவற்றை அடுத்த மாதிரியில் எடுத்துவிடாமல் இருந்தாலே போதும்.